மீதி நாலு பேர்

சுரங்கப்பாதையில் பாட ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. குழுவாகப் பாடினால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு அனுமதி அட்டை ரத்து. அந்த விதியைக் காப்பாற்றத்தான் நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.

அங்கே பாடுகிற ஒரு பெண்ணின் கோப்பில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் இருந்தன. இரண்டும் நான் எழுதியவை. முழங்கால் வலி என்று கீழே இறங்காமல், படிக்கட்டின் உச்சியில் நின்று காதால் எண்ணி எழுதியவை: "ஐந்து பேர். அதிகாரியைக் கண்டதும் நால்வர் ஓட்டம்." ஓடியதைப் பார்த்தேனா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பார்த்தேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது எச்சரிக்கைக்கு மேலதிகாரி ஆட்களின் போட்டோ வேண்டும் என்றுவிட்டார். வேறு வழியில்லை. எங்கள் வண்டி டிரைவரை எதிர்ப்பக்க வாசலுக்கு அனுப்பினேன்.

"ஒருத்தனையும் விடாத. டிரம்ஸ்காரன்தான் முதல்ல ஓடுவான்."

"டிரம்ஸத் தூக்கிக்கிட்டா அண்ணே ஓடுவான்?"

"சொன்னதச் செய்."

ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே தாளம் அதிர்ந்தது; கூடவே ஒரு தடித்த கம்பிச் சத்தம், அதற்கு மேலே மூன்று பெண் குரல்கள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எனக்கு ஒரே குஷி. மூலை திரும்பினேன்.

ஒரே ஒரு பெண். தோளில் கிதார், முன்னால் மைக், செருப்பில்லாத பாதத்தின் கீழே செங்கல் அளவில் ஒரு பெட்டி. அவள் வாய் மூடியிருந்தது. குரல்கள் பாடிக்கொண்டே இருந்தன. தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அசட்டு வேலைதான், ஆனாலும் பார்த்தேன்.

"மத்தவங்க எங்கம்மா?"

அவள் பெட்டியை மிதித்தாள். எல்லாம் நின்றது.

"அவங்களத்தான் சார் நானும் தேடுறேன். ஒரு சார் ரெண்டு தடவ எழுதிட்டாரு, அஞ்சு பேருன்னு. இன்னொரு தடவ எழுதினா அட்டை போயிடும். எனக்கு வேற பொழப்பு இல்ல. நில்லுங்க, காட்டுறேன்."

கிதாரின் மரத்தில் உள்ளங்கையால் நாலு தட்டு, மிதித்தாள். கையை எடுத்துவிட்டாள், தட்டு மட்டும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்தது. அதன்மேல் தடித்த கம்பியை மீட்டி மிதித்தாள். அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு ஒரு ஹம்மிங். அதற்கு அக்கா போல, கனத்த இன்னொரு ஹம்மிங். எனக்குப் புல்லரித்துவிட்டது. அடுத்ததை அவள் பெட்டியில் பதிவுசெய்யும்போது பார்த்து எனக்கு இருமல் வந்து தொலைத்தது. அதுவும் பெட்டிக்குள்ளே போய்விட்டது.

அழிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே இருமலை ஒட்டி ஒரு சொடக்குப் போட்டாள். மூன்றாவது சுற்றில் அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை என்று ஆகிவிட்டது. என் இருமலில் தாளம் இருக்கிறது என்று சொன்னால் என் பொண்டாட்டி நம்பமாட்டாள்.

அதற்குப் பிறகுதான் வாய் திறந்து பாடினாள். வெறும் சுவரோரத்தில், என் கண்ணெதிரே, ஒருத்தி ஒரு கூட்டத்தையே உண்டாக்கிவிட்டாள். இருபத்தாறு வருஷமாகச் சத்தத்தை அளக்கிற வேலை பார்க்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டது அன்றைக்குத்தான்.

பாட்டு முடிந்ததும் போன் அடித்தது. டிரைவர்.

"அண்ணே, இந்தப் பக்கம் ஒருத்தரும் வரல. அஞ்சு பேரும் மாட்டிக்கிட்டாங்களா?"

"யாருமே இல்லப்பா. நீ வண்டிக்குப் போ."

படியில் உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். நபர்கள்: ஒருவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பழைய இரண்டு எச்சரிக்கைகளும் கோப்பில் அப்படியே கிடக்கும். நாளைக்கு வேறு எவனாவது மேலே நின்று எண்ணினால் அவள் கதை முடிந்தது. அதனால் கீழே எழுதினேன்: முந்தைய இரண்டு அறிக்கைகளும் பொய். நேரில் பார்க்காமல் எழுதியவன் நானே. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இருந்தும் என் பெயரைப் போட்டேன்.

கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினேன். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நீங்கதானா சார் அது?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.