சித்தாரா கேட்ட பங்கு

மாடி பால்கனியில் தலையணை உறைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்த சித்தாராவுக்குக் கீழே கம்பு உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். லாட்ஜ் வாசலில் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டி நிறைய அலுமினியத் தகடு. நடுவில் அவள் தம்பி ஜாஹிர், செல்போனும் கையுமாக.

"என்னடா இது?"

"முகப்புக்கு ஷீட்டு அடிக்கிறோம்கா. உள்ள போ, தூசி பறக்கும்."

அந்த முகப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணுங்களா, அப்போதுதான் அவள் கோபம் புரியும். அவளைப் பெற்ற அத்தா அப்துல் ரஹ்மான் பட்டுச்சேலை விற்கப் பம்பாய் போனவர். அங்கே கடற்கரையோரம் கப்பல் போலக் கட்டிய ஓட்டல்களைப் பார்த்து மயங்கித் திரும்பினார். முனை வளைந்து, ஜன்னல் வட்டமாக, பால்கனிக்குக் குழாய்க்கம்பி. அதே மாதிரி காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜ் வேண்டுமென்று பரசுராமன் மேஸ்திரியிடம் வாயாலேயே சொன்னார். மேஸ்திரி கப்பலையும் கண்டதில்லை, கடலையும் கண்டதில்லை. கோயில் வேலை பழகிய கை. வட்ட ஜன்னல் ஒவ்வொன்றையும் சுற்றித் தாமரை இதழ் வைத்துவிட்டார். கப்பல் மூக்கில் ஒரு யாளி முகம்! திட்டப் போன அத்தா அண்ணாந்து பார்த்தார், சிரித்தார். "இருக்கட்டும்யா, நம்ம ஊர்க் கப்பல் இப்படித்தான் இருக்கும்" என்றாராம்.

அவர் காலமான பிறகு லாட்ஜை நடத்தியது சித்தாரா. ஜாஹிர் துபாயிலிருந்து வந்ததே போன மாசம்தான்.

"போட்டோவைப் பார்த்துட்டு எவனும் ரூம் புக் பண்ண மாட்டேங்கறான். ஷீட்டு அடிச்சா ஸ்டார் ஓட்டல் கணக்கா இருக்கும்கா."

"அடிக்க விடமாட்டேன்."

"அது நீ சொல்லக்கூடாது. அத்தா சொத்துல ஆம்பள எனக்கு ரெண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு. மார்க்கம் சொன்னது."

அவளுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த உறையை உதறிக் கொடியில் போட்டாள்.

"சரி. முத்தவல்லியைக் கூப்பிடு. இன்னைக்கே பிரிச்சுக்கலாம்."

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி சுபியான் பாய் வந்து உட்கார்ந்தார். ஷீட்டு கான்ட்ராக்டர் பாலாஜியும் டிரில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"தெருவைப் பார்த்த முகப்பு என் பங்கு" என்றாள் சித்தாரா. "சுவரு, ஜன்னல், பால்கனி, வாசக்கதவு. ரூமெல்லாம் அவனே வெச்சுக்கட்டும்."

"ஏம்மா, சுவத்தை வெச்சுக்கினு என்ன பண்ணுவே? அது சோறு போடுமா?"

"தையல் மெஷின் போடும், பாய்."

ஜாஹிருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "முடிச்சுடுங்க பாய், மனசு மாறிடப் போவுது! சம்மதம், சம்மதம்!"

"உன் நிக்காஹ்ல கூட இவ்ளோ வேகமா சொல்லலியேடா" என்றார் பாய்.

ஜாஹிர் எழுந்து கைதட்டினான். "பாலாஜி, ஆரம்பிப்பா."

பாலாஜி அசையவில்லை. "யார் சுவத்துல சார்?"

ரூம்களைக் கணக்குப் போட்ட அவசரத்தில் ஷீட்டை மறந்துபோயிருந்தான் ஜாஹிர். முகம் சுண்டிவிட்டது.

"இது ஏமாத்து வேலைக்கா!"

"எது? நான் கேட்டேன், நீ குடுத்தே."

"அப்ப நீ எங்க படுப்பே? ரூமெல்லாம் என்னுது."

பிறந்ததிலிருந்து சித்தாரா படுத்த அறை அந்த லாட்ஜில்தான் இருந்தது. பாய்கூட ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பால்கனி என்னுதுதானே? அங்க படுக்கிறேன்."

"மழை வந்தா?"

"நனைவேன்."

சொன்னபடியே டிரங்குப் பெட்டியையும் பாயையும் பால்கனிக்கு மாற்றினாள். தையல் மெஷினைப் பாலாஜிதான் தூக்கிக் கொடுத்தார்.

"சாரத்தை அவுத்துடட்டுமாக்கா?"

"இருக்கட்டும்பா. முகப்புக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்."

மறுநாள் காலையிலேயே வாளியும் மட்டையுமாகச் சாரத்தில் ஏறிவிட்டாள். வாசக்கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். ஊருக்குச் சேலை எடுக்க வந்த கல்யாண வீட்டுக்காரர்கள் வேன் நிறைய லாட்ஜ் வாசலில் இறங்கினார்கள். பின்கட்டு வழியாக ஓடிவந்த ஜாஹிர் அண்ணாந்து கத்தினான்.

"அக்கா, கெஸ்ட் வந்துருக்காங்க! கதவைத் திற!"

"கதவு யாருதுடா?"

வேனில் வந்தவர்கள் அவனையே பார்த்தார்கள்.

"...உன்னுதுதான்."

"அப்ப அழகா கேளு. இந்த ஜன்னலை முடிச்சுட்டு வரேன்."