நாப்போலி ஓட்டலில் ஒரு சம்பந்தம்

தூத்துக்குடி நகரத்துச் சகல ஜனங்களும் அறிய வேண்டியது யாதெனில்: கர்த்தர் பிறந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு, தை மாதத்தில், இத்தாலி தேசமானது பெரிய கோவிலுக்குப் பின்னாலிருக்கும் சந்தில், பர்னபாஸ் வீட்டு முன்னறையில், மூன்று மேசைகளோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் வந்து இறங்கியது.

பர்னபாஸ், இத்தாலிக்காரன் கப்பலில் பல வருஷம் சமையல் பார்த்துவிட்டு முட்டுவலியோடு கரையேறியவன். வாசலில் ‘நாப்போலி ஓட்டல்’ என்று பலகை மாட்டினான். பலகையில் ஒரு கோபுரம் சாய்ந்து நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் பெயிண்டருக்குக் கூலி கொடுத்துவிடாதே என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த ஓட்டலால் தன் குடும்பமே விளங்கப்போகிறது என்று நம்பிய ஒரே மனிதர் ஹென்றி மச்சாது. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா. போன வருஷம் புனித ஆண்டு யாத்திரைக்குப் புறப்பட்ட கூட்டத்தோடு ரோமாபுரி போய்வந்தவர். அங்கே இருந்த நாளெல்லாம் மலையாளக் கன்னியாஸ்திரிகள் மடத்தில் கஞ்சியும் பயறும்தான் சாப்பாடு. ஆனாலும் ஊரில் அவர் வாயைத் திறந்தால் “ரோமில எப்படின்னா...” என்றுதான் பேச்சு தொடங்கும். சாளை மீனுக்குப் பேரம் பேசும்போதும் போப்பாண்டவர் ஒருமுறை வந்துவிட்டுப் போவார்.

அவருடைய இப்போதைய கவலை மகள் பிளாரன்ஸின் கல்யாணம். மாப்பிள்ளையாக வரவேண்டியவன் விக்டர். கப்பலில் மூன்றாம் ஆபீசர். லீவு முடிந்து அடுத்த வாரம் கப்பல் ஏறுகிறான். அவன் தாய் பேபியம்மா மூன்று தடவை வந்துவிட்டாள். பெண்ணைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தாள். கை மட்டும் நனைக்கவில்லை. பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடத் தொடக் கூடாது என்பது முறை. தொட்டால் சம்மதம், அப்புறம் மாற்றிப் பேச முடியாது. ஹென்றியின் மனைவி அமலோற்பவம் அடுக்கி வைத்த பலகாரத் தட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு பேபியம்மா எழுந்து போய்விடுவாள். வேறு இரண்டு வீட்டிலும் அவள் கிணறு பார்ப்பதாகக் கேள்வி.

நாப்போலியின் பலகையைக் கண்ட அன்றே ஹென்றிக்கு மூளையில் மணி அடித்தது.

“ஓட்டல்ல தின்னா நம்ம வீட்டுல தின்ன மாதிரியா?” என்றாள் அமலோற்பவம்.

“ஏளா, விருந்து வைக்கது யாரு? நான். அப்ப அது யாரு சோறு? என் சோறு. வாயில ஒரு கவளம் போயிட்டுன்னா அந்தம்மா நம்ம சம்பந்தி.”

“பிளாரன்ஸையும் கூட்டிட்டுப் போவமா?”

“முடிவாகாம பொம்பளப்பிள்ளய ஓட்டலுக்குக் கூட்டிட்டு அலையவா? கௌரவம்னு ஒண்ணு இல்ல?”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவிலில் ஆசீர்வாதம் முடிந்ததும் பேபியம்மாவையும் விக்டரையும் ஹென்றியும் அமலோற்பவமும் தேரோட்டம் போல அழைத்துவந்தார்கள். ஹென்றிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பேபியம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சாப்பிடுங்க, நான் பாக்கேன்.”

அந்த நேரம் பார்த்து குசினிக்குள்ளிருந்து பூண்டு வாசனை புறப்பட்டு வந்தது. அதன் பின்னால் நண்டு. அதன் பின்னால் தக்காளி வதங்கும் மணம். அதன் பின்னால், பெரிய பீங்கான் தட்டை ஏந்திக்கொண்டு பர்னபாஸின் மகள் ரெஜினா. தட்டில் நூல்நூலாக ஸ்பகெட்டி, மேலே சிவந்த சாற்றில் நண்டும் கணவாய் மீனும்.

விக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ரோமில எப்படின்னா,” என்று ஹென்றி முள்கரண்டியைத் தூக்கினார், “இப்படிக் குத்தி, இப்படிச் சுத்தி...” சுற்றியது அவிழ்ந்து சட்டைப் பையில் விழுந்தது. இரண்டாம் தரம் சுற்றியது மூக்குக் கண்ணாடியில் தொங்கியது.

“ரோமில எல்லாருமே இப்படித்தான் குளிப்பாங்களா?” என்றாள் அமலோற்பவம்.

பேபியம்மா சிரித்துவிட்டாள். சிரித்த வாய்க்குள் வாசனை போய்விட்டது. அவள் தட்டைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், முந்தானையைச் செருகினாள். ரெஜினா கரண்டியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, கை கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பேபியம்மா கழுவினாள். நண்டுக்காலை ஒடித்தாள். பிசைந்தாள். உருட்டினாள்.

ஹென்றி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கவளம் உள்ளே போயிற்று! ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. இரண்டாவது தட்டு வந்தது. பேபியம்மா நண்டு ஓட்டை உறிஞ்சிய சத்தம் ஹென்றியின் காதுக்குப் பூசை மணி போலக் கேட்டது. அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“எல்லாரும் கேளுங்க!” மற்ற மேசைக்காரர்கள் திரும்பினார்கள். பர்னபாஸ் குசினி வாசலுக்கு வந்து நின்றான். “பேபியம்மா கை நனைச்சாச்சு! நீங்க அத்தன பேரும் சாட்சி. கை நனைச்சா சம்பந்தம் முடிஞ்சதுன்னு அர்த்தம். நம்ம முன்னோர் வச்ச முறை. இதுல யாரும் மாத்திப் பேசப்பிடாது! என்ன சம்பந்தியம்மா?”

“நானா முறைய மாத்துவேன்?” என்றாள் பேபியம்மா, விரலை நக்கிக்கொண்டே. “கை நனைச்சது நனைச்சதுதான்.”

ஹென்றி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஹென்றியின் கண் கலங்கியது. பந்தல் எங்கே போடுவது, எந்தப் பாதிரியாரைக் கூப்பிடுவது என்றுவரை மனம் ஓடிவிட்டது.

“பர்னபாசு,” என்றாள் பேபியம்மா, “இந்தச் சாறு யாரு வச்சா?”

“மக ரெஜினாதான் அக்கா. நான் வச்சா கப்பல்காரனே கடல்ல கொட்டுவான்.”

“இது ஓட்டலா, ஒன் வீடா?”

“வீடுதான். பின்கட்டுல குடியிருக்கோம்.”

“பிள்ளைக்கு எங்கயும் பேசியிருக்கா?”

“இல்லக்கா.”

பேபியம்மா மகன் பக்கம் திரும்பினாள். “ஏலே, என்ன சொல்லுத?”

விக்டர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டே வெகுநேரம் ஆகியிருந்தது. “நீங்க சொன்னாச் சரிம்மா,” என்றான், ரெஜினாவைப் பார்த்துக்கொண்டு.

“பேபியம்மா!” ஹென்றிக்குக் குரல் கீச்சிட்டது. “விருந்து வச்சது நானுல்லா?”

“நீங்க எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீகன்னு எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? ஒங்க வீட்டுல நான் தண்ணி தொட்டனா? பிள்ள இருக்க வீட்டுல, அந்தப் பிள்ள ஊத்துன தண்ணில கை கழுவி, அவ ஆக்குனதத் தின்னிருக்கேன். முறைய நீங்கதான் இப்ப எல்லாருக்கும் சத்தம் போட்டுச் சொன்னீக.”

மற்ற மேசைக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் சாட்சி அல்லவா.

“நல்லாச் சொன்னீங்க ரோம் அண்ணாச்சி,” என்றாள் அமலோற்பவம், அவர் மூக்குக் கண்ணாடியில் இன்னும் தொங்கிய நூலை எடுத்துக் கீழே போட்டபடி.

விக்டர் அடுத்த லீவில் வந்தபோது ரெஜினாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் நடந்தது. ஆட்டுக்கறியும் சோறும் போட்டார்கள்.