சூடு வரும் பக்கம்

எங்கள் அறுபது வருடப் பழைய காரில் ஹீட்டர் என் காலுக்கு மட்டுந்தான் வேலை செய்யும். ஓட்டுகிற என் கணவர் றில்வானோ நமுனுகுலை மலைப்பாதை ஏற்றத்தில் நடுங்கிக்கொண்டே, “எனக்குக் குளிரே இல்ல” என்று சாதிப்பார். பொறுக்கமாட்டாமல், அவருக்குத் தெரியாமல் பதுளை மெக்கானிக் ஷிபானிடம் காரைக் கொண்டுபோனேன்.

ஷிபான் குனிந்து, றில்வான் பக்கத்துக் காற்றுக்குழாயிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவினார். தொலைத்துவிட்டார் என்று போன மாதம் நான் திட்டித் தீர்த்த அதே காலுறை.

“ஹீட்டருக்கு ஒரு கொறையும் இல்ல. சூடு முழுக்க உங்க பக்கம் வரட்டும்னு அடைச்சிருக்காரு.”

“லூசு மனுசன்!” காலுறையைப் பிடுங்கி என் பக்கத்துக் குழாயில் நானே அடைத்தேன்.

மறுநாள் ஏற்றத்தில் கால் சூடானதும் றில்வான் பதறிப்போய், “ஒனக்குக் குளிருதா?” என்றார்.

விறைத்த கால்களைச் சீட்டில் மடக்கிக்கொண்டு, “எனக்குக் குளிரே இல்ல” என்றேன்.