மத்தியானத்தில் தூங்கும் எந்திரம்

தையல் சந்தேகங்களுக்கென்றே இணையத்தில் ஒரு மன்றம். அதில் ஊசிமுனை என்று ஒருத்தி இருந்தாள். இருந்தாள் என்ன, அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். நூல் அறுந்தாலும், தையல் தாவினாலும், காலர் நிற்காமல் படுத்துக்கொண்டாலும் அவள் பதில் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். கைராசிக்காரி. ஆனால் அந்தப் பதில் வருவதற்கு முன்னால் ஒரு திட்டு வரும் பாருங்கள், அதை வாங்கிக்கொள்ள மனசு கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும்.

"கேள்வி கேட்பது எப்படி" என்று விதிகள் எழுதி மன்றத்தின் வாசலில் தொங்கவிட்டவளும் அவள்தான். தலைப்பிலேயே சிக்கலைச் சொல்லு. எந்திரம் என்ன மாடல் என்று சொல்லு. படம் போடு. என்னென்ன செய்து பார்த்தாய் என்று எழுது. 'அவசரம்' என்று எழுதாதே, அது உன் அவசரம், எங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லை. முக்கியமாக, கேட்பதற்கு முன்னால் தேடிப் பார். இதில் ஒன்று குறைந்தாலும் கேள்விக்குப் பூட்டு விழும். பூட்டின கேள்வியில் யாரும் ஒரு வரிகூட எழுத முடியாது. பூட்டும்போது கூடவே ஒரு வரி போடுவாள்: "கண் எதுக்கு இருக்கு?"

வீட்டிலும் இதே வாய்தான். வீட்டுக்காரர் காலையில் "என் சட்டை எங்கே?" என்று கேட்டால், "எந்தச் சட்டை, என்ன நிறம், எங்கெல்லாம் தேடினீங்க?" என்பாள். மனுஷன் பாதி நாள் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். நல்லவள்தான், ஒரு குறை சொல்ல முடியாது. அந்த வாய் ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்டவளுடைய எந்திரம்தான் அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு நின்றது.

நின்ற நேரம் பாருங்கள். அன்று சாயந்திரம் மகளின் பள்ளிக்கூடத்தில் நாடகம். மகளும் அவள் கூட்டாளிகளும் ஆந்தைகளாக வருகிறார்கள். பன்னிரண்டு ஆந்தை, பன்னிரண்டு மேலங்கி, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் எம்பிராய்டரியில் இரண்டு பெரிய மஞ்சள் கண். "எங்கம்மா தைச்சுத் தருவாங்க" என்று மகள் யாரையும் கேட்காமல் டீச்சரிடம் கையைத் தூக்கிவிட்டு வந்துவிட்டாள். ஐந்து மணிக்கு வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போவாள். நான்கு ஆந்தைக்குக் கண் வந்துவிட்டது. எட்டு ஆந்தை குருடாகக் கிடந்தது.

எந்திரம் என்ன சொல்லிற்று தெரியுமா? கீழ்நூல் தீர்ந்துவிட்டதாம்! கீங் கீங் என்று கத்திக்கொண்டு திரையில் சிவப்பு எழுத்தில் காட்டிற்று. ஊசிமுனை மூடியைத் திறந்து பார்த்தாள். கீழ்நூல் சுற்றிவைக்கும் பாபினில் நூல் புஸ்ஸென்று நிறைந்திருந்தது. "இவ்வளவு நூல் இருக்கே, கண் எதுக்கு இருக்கு?" என்று எந்திரத்தையே திட்டினாள். மறுபடி ஓட்டினால் நாலு தையல், திரும்பவும் கீங்.

தூசிதான் என்று நினைத்தாள். ஒரு வாரமாக எதிர்க்கட்டிடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுச் சாயந்திரம்தான் கடைசிச் சுவரும் விழுந்து, ஜன்னலுக்கு வெளியே வெறும் வானம் தெரிந்தது. வீடு முழுக்க மாவு சலித்த மாதிரி தூசி. தூரிகையால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்தாள். பாபினை மாற்றினாள், ஊசியை மாற்றினாள். அணைத்துப் போட்டாள். கீங்.

பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டால், "நாளை மறுநாள் வரேம்மா" என்றார் நிதானமாக. மணி மூன்றரை. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. மேடையில் நாலு ஆந்தை முழிக்கும், எட்டு ஆந்தை குருடாக நிற்கும், அதில் மகள் எந்தப் பக்கம் நிற்பாள்?

மன்றத்தில் கேட்கலாம்தான். ஆனால் ஊசிமுனையே போய் "என் எந்திரம் ஓடலை" என்று கேட்டால் ஊர் சிரிக்காதா? எத்தனை பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்! கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. அதனால் என்ன செய்தாள் என்றால், 'அப்பாவி' என்று ஒரு புதுப் பெயரில் உள்ளே நுழைந்தாள். பதற்றத்தில் எழுதினாள்: "அவசரம்!!! யாராவது உதவுங்கள். எந்திரம் ஓடவில்லை. ஐந்து மணிக்குள் வேண்டும்."

மாடல் இல்லை. படம் இல்லை. செய்து பார்த்தது எதுவும் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவள் எழுதின லட்சணம் இது.

பதில் உடனே வந்தது. மன்றத்தில் அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் கத்தரி என்கிற ஒருவர். எப்படிப் பூட்டுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே ஊசிமுனைதான். அவர் எழுதியிருந்தார்: "தலைப்பில் சிக்கல் இல்லை. மாடல் இல்லை. அவசரம் உங்களுக்கு, எங்களுக்கு இல்லை. முதலில் தேடிப் பாருங்கள். கண் எதுக்கு இருக்கு? பூட்டப்பட்டது."

ஒரு வார்த்தை மாறவில்லை. அத்தனையும் அவள் சொல்லிக் கொடுத்த வார்த்தை. "அடப்பாவி, ஒரு மனுஷி அவசரம்னு சொல்றா, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் தேடினாள். அவள் போட்ட விதியை அவளே கடைப்பிடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தேடினால், கிடைத்தே விட்டது! போன வருஷத்துக் கேள்வி. 'புதுநூல்' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். தலைப்பிலேயே எல்லாம் இருந்தது: "பாபினில் நூல் இருக்கும்போதே கீழ்நூல் தீர்ந்தது என்று காட்டுகிறது. மத்தியானம் மட்டும்." மாடலும் இவளுடையதேதான். துடைத்துப் பார்த்தது, மாற்றிப் பார்த்தது எல்லாம் வரிசையாக எழுதி, படமும் போட்டிருந்தாள். தங்கமான கேள்வி.

அதற்குக் கீழே ஊசிமுனையின் பதில்: "துடைக்கவும். இது பலமுறை சொல்லியாயிற்று."

புதுநூல்: "துடைச்சிட்டேங்க. காலையில நல்லா ஓடுது. ராத்திரியும் ஓடுது. மத்தியானம் மட்டும்தான் நிக்குது."

ஊசிமுனை: "எந்திரத்துக்கு மத்தியானத் தூக்கம் போல. தாலாட்டு வேண்டுமானால் வேறு மன்றம் பார்க்கவும்."

இதற்குப் பதினான்கு பேர் சிரித்திருந்தார்கள். ஊசிமுனைக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அவசரமாகக் கீழே தள்ளினாள். மறுநாள் புதுநூல் எழுதியிருந்தாள்: "கண்டுபிடிச்சிட்டேன்! இவ்வளவு சின்ன விஷயம், சொன்னா சிரிப்பீங்க. எல்லாருக்கும் உதவும். சாயந்திரம் வந்து படத்தோட எழுதறேன்."

"சொல்லு, சொல்லு" என்று ஊசிமுனை வாய்விட்டே சொன்னாள்.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது. "சரியாகிவிட்டால் சந்தோஷம். இது அரட்டை அடிக்கும் இடம் இல்லை. பூட்டப்பட்டது. — ஊசிமுனை."

அவ்வளவுதான். அதோடு முடிந்தது. அந்தப் புதுநூல் பிறகு மன்றத்துப் பக்கமே வரவில்லை. ஊசிமுனையின் முகத்தில் ஈயாடவில்லை. பதில் வாசல்படி வரைக்கும் வந்திருக்கிறது, இவள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள்.

ஏதாவது தெரியாதா என்று அந்தப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். போன வருஷம் இதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எந்திரம் இருந்தது, மேஜை இருந்தது, பின்னால் ஜன்னல். ஜன்னலில் பாதி ஒதுக்கிவிட்ட, பச்சைக் கோடு போட்ட திரை. திரையின் இடது பக்கம் ஒரு விரல் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"ஐயோ!" என்றாள் ஊசிமுனை.

அந்தத் திரையை அவளுக்குத் தெரியாதா? அவள் தைத்ததாயிற்றே! கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் மாடிக்குக் குடிவந்தபோது ஓரகத்திக்கு ஆசையாகத் தைத்துக் கொடுத்தது. வந்தவர்கள் எல்லாரும் பார்க்க அதை மாட்டினார்கள். அப்போது சின்னவள் வெள்ளந்தியாக, "அக்கா, இந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கோ?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது தப்பா? பார்த்ததைக் கேட்டாள். பெரியவளுக்குச் சுருக்கென்றது. "கண்ணு கோணலா இருந்தா எல்லாம் கோணலாத்தான் தெரியும்" என்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்லிவிட்டு மடமடவென்று கீழே இறங்கி வந்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் தம்பி பேசிக்கொள்வார்கள். பிள்ளை மேலேயும் கீழேயும் ஓடும். ஓரகத்திகள் இரண்டு பேரும் படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

எந்திரமும் அப்படித்தான், இரண்டாவதுக்குத் தள்ளுபடி என்று அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கிய ஜோடி. மாடல் ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும்?

மணி நான்கு ஆகப் போகிறது. படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள். கௌரவம் ஒரு பக்கம் இழுத்தது, எட்டு குருட்டு ஆந்தைகள் ஒரு பக்கம் இழுத்தன. ஆந்தைகள் ஜெயித்தன. ஏறினாள்.

சின்னவள் கதவைத் திறந்தாள். கையில் பாதி மடித்த துணி. இரண்டு பேரும் ஒரு கணம் வழக்கம்போல சுவரைப் பார்த்தார்கள்.

"எந்திரம் நின்னுடுச்சு" என்றாள் பெரியவள்.

சின்னவள் துணியை மெதுவாக மடித்து முடித்தாள். "என்ன மாடல்க்கா?"

"உன்னுதும் என்னுதும் ஒரே மாடல்தானேம்மா!"

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

பெரியவளுக்கு மூக்கு விடைத்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். பிறகு வாசலில் நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். என்ன காட்டுகிறது, எப்போது ஆரம்பித்தது, எதையெல்லாம் துடைத்தாள், எதையெல்லாம் மாற்றினாள், காலையில் நன்றாக ஓடியது, எட்டு ஆந்தைக்குக் கண் இல்லை, ஐந்து மணிக்குப் பிள்ளை வந்துவிடுவாள். கடைசியாக, "எனக்குத் தெரியலைம்மா. நீதான் சொல்லணும்."

"தேடிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் சின்னவள். உதட்டோரம் துடித்தது.

"பாத்தேன். பதில் எழுத வந்தவளைப் பூட்டிட்டாங்க."

"யாரு பூட்டினது?"

"ஒரு வாய்க்கொழுப்பெடுத்தவ" என்றாள் பெரியவள்.

சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. உள்ளே போய் ஜன்னலில் இருந்த அந்தப் பச்சைக் கோட்டுத் திரையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் இறங்கினாள்.

கீழே வந்து பார்த்தால், எதிரே கட்டிடம் போன இடத்திலிருந்து மேற்கு வெயில் ஒரே வீச்சாக உள்ளே வந்து எந்திரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலுக்கு என்றைக்கும் திரை தேவைப்பட்டதில்லை. சின்னவள் பாபின் பக்கத்தில் மிளகு அளவுக்கு மினுங்கிய ஒரு கண்ணாடிப் புள்ளியைக் காட்டினாள். "இதுதான்க்கா நூல் இருக்கா இல்லையான்னு பாக்குது. வெயில் நேரா விழுந்தா இதுக்குக் கண்ணு கூசிடும். நூலே இல்லேன்னு கத்தும். மாடிக்கு அப்பவே வெயில் வந்துச்சு, திரையை முழுசா இழுத்துவிட்டதும் சரியாயிடுச்சு. உங்களுக்கு இன்னிக்குத்தான் வந்திருக்கு."

"இதுக்கு இந்தத் திரையை எதுக்குக் கழட்டினே? எங்கிட்ட இல்லாத துணியா?"

"இருக்கும். ஆனா இது பழகின திரை. இறங்கின பக்கத்தை எந்திரத்துப் பக்கமா மாட்டணும். நேரா தைச்சிருந்தீங்கன்னா அடியில ஒரு கீத்து வெயில் வந்திருக்கும்."

மாட்டினார்கள். நிழல் விழுந்தது. பெரியவள் பொத்தானை அமுக்கினாள். ஐந்தாவது ஆந்தைக்குக் கண் வர ஆரம்பித்தது. கீங் இல்லை. ஒருத்தி தைக்க, ஒருத்தி நூல் வெட்டி மடிக்க, ஆறாவது, ஏழாவது என்று மளமளவென்று ஓடியது.

எட்டாவதை மாட்டும்போது பெரியவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். "கோபம் எம்மேல இருக்கட்டும். எந்திரம் நின்னப்ப ஒரு எட்டு கீழ வந்து கேட்டிருக்கலாமே? யார் யாரோ இருக்கிற மன்றத்துல போய்க் கேட்டியே!"

சின்னவள் மடிப்பதை நிறுத்தினாள். "யார் யார்கிட்டயோ கேட்கலைக்கா. உங்ககிட்டதான் கேட்டேன்."

பெரியவள் திரும்பினாள்.

"'கண் எதுக்கு இருக்கு'ன்னு எழுதற ஆள் உலகத்துல எத்தனை பேர்? நீங்கதான்னு முதல் நாளே தெரியும். கீழ வந்து கேட்க வாய் வரலை. அங்க கேட்டா பதில் சொல்வீங்க, அப்படியே பேச்சு வந்துடும்னு நினைச்சேன். படத்துல திரை தெரியணும்னே ஜன்னலைச் சேத்து எடுத்தேன்." சின்னவள் குனிந்து ஒரு நூல் பிசிறைக் கிள்ளினாள். "நீங்க பாக்கவே இல்லை."

எந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவள் மூக்கை உறிஞ்சினாள். "தூசி" என்றாள்.

"ஆமாக்கா, ஒரு வாரமாவே ஒரே தூசி" என்றாள் சின்னவள்.

பன்னிரண்டாவது ஆந்தையும் கண் திறந்தது. ஐந்து மணிக்கு மகள் ஓடி வந்தாள். அம்மாவும் சித்தியும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள்.

"கண் எதுக்கு..." என்று ஆரம்பித்த பெரியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "உக்காரு, சொல்றேன்" என்றாள். சொல்வதற்கு முன்னால் போனை எடுத்து, போன வருஷத்துப் பூட்டைத் திறந்து, ஊசிமுனை என்ற சொந்தப் பெயரிலேயே எழுதினாள்: "நல்ல கேள்வி. நான்தான் பாக்காம பூட்டிட்டேன். மன்னிச்சுக்கோம்மா. பதில் எழுது, காத்திருக்கேன்."

மேஜைக்கு அந்தப் பக்கம் சின்னவளின் போன் டிங் என்றது.