பள்ளிக்கூட வயசு

சலவை நிலையத்தில் அவளுக்குப் பெயரே 'பாக்கெட் அக்கா'. துணி மிஷினுக்குள் போகுமுன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பது அவள் வேலை. பேனா, சில்லறை, மூக்குத் துடைத்த காகிதம், ஒருமுறை யாருடையதோ பல் செட்டுகூட. "வாயைத் தொலைச்சவன் எப்படிக்கா வந்து கேப்பான்?" என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஊரார் பையெல்லாம் துழாவினவள், வீட்டில் பெரியவன் பையில் மட்டும் கை விடமாட்டாள். உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்திருந்தது. அதுதான் பயம்.

இரண்டும் ஆண் பிள்ளைகள். அப்பன் எப்போதோ கண்ணை மூடிவிட்டான். பெரியவன் அவளுக்குக் 'கண்ணு'. சின்னவன் வெறும் 'டேய்'. "டேய், தண்ணி கொண்டா. டேய், அண்ணனை எழுப்பு." செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று அக்கம்பக்கம் பேசியது பெரியவனைப் பற்றித்தான். சின்னவனைக் கெடுக்க அவளுக்கு நேரம் ஏது?

பெரியவன் ஏற்கெனவே ஒரு தடவை போதைப் பொட்டலத்தோடு மாட்டி, அம்மா தலைமேல் சத்தியம் செய்துவிட்டு வெளியே வந்தவன். அப்போதே வக்கீலம்மா எச்சரித்தாள். "இன்னொரு தடவை மாட்டினா வருஷக்கணக்குல உள்ளேதாம்மா. பதினெட்டு முடியாத பசங்கன்னா புத்தி சொல்லி அனுப்புவாங்க. இவன் அதைத் தாண்டிட்டானே."

அவள் காதில் விழுந்த சட்டம் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு கணக்குப் போட்டாள் பாருங்கள், அட கடவுளே!

ஒரு மத்தியானம் போலீஸ் வீட்டைச் சோதித்தபோது, கதவில் தொங்கிய ஜாக்கெட்டில் பொட்டலம் அகப்பட்டது. அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போடும் ஜாக்கெட். யாருடையது என்று கேட்டால் இருவருமே வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சோப்பு ஈரம் காயாத கையோடு அவள் ஓடிவந்தாள். பெரியவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

சின்னவனை வராந்தா பெஞ்சில் இழுத்து உட்கார வைத்தாள்.

"கண்ணு, அது உன்னுதுன்னு சொல்லிடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்குப் பதினேழுதானே. நாலு திட்டு திட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அண்ணன் உள்ள போனா முழுசா திரும்பி வரமாட்டான்டா. அம்மாவுக்காகக் கண்ணு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம், "சரிம்மா" என்றான். சிகரெட் புகை பட்டாலே இருமுகிற பிள்ளை, உள்ளே போய் மொத்தப் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். பெரியவனை விட்டுவிட்டார்கள்.

கோர்ட்டில் வக்கீலம்மா முகம் செத்துப்போய் வந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா? பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் வந்திருக்கு. அதுல இவனுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு. பெரியவங்க கேஸாத்தான் நடக்கும்."

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சின்னவனைத் தனியே வீட்டில் விட்டு வேலைக்குப் போக வழியில்லாமல், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளியில் சேர்த்தவள் அவளேதான். சொன்ன வாய் மறந்துவிட்டது. எழுதின காகிதம் மறக்குமா?

"ஐயா, நான்தான் வயசைக் கூட்டிச் சொன்னேன்! அவன் சின்னப் பிள்ளைங்க! அந்தப் பொட்டலமும் அவனுது இல்லைங்க!"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்டேஷன்ல அவனுது, இங்க அவனுது இல்லையா? நான் எதைம்மா நம்புறது? பிறந்ததுக்கு வேற ஆதாரம் இருக்கா?"

வீட்டிலேயே பிறந்தவனுக்கு அவள் வயிறுதான் ஆதாரம். பின்னால் திரும்பினாள். "கண்ணு, நீயாவது சொல்லுடா!" பெரியவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே, வண்டியில் ஏற்றுமுன் சின்னவனோடு ஒரு நிமிஷம் பேசவிட்டார்கள்.

"பள்ளிக்கூட வயசு எனக்கு ஞாபகமே வரலையேடா. உனக்காவது தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா சரின்னே? பாவி, ஏன்டா வாயத் திறக்கல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டே."

போலீஸ்காரர் அவன் தோளைத் தொட்டு வண்டிப் பக்கம் திருப்பினார். அவள் பதறிக் கூப்பிட்டாள். வாயில் வந்தது 'டேய்'தான்.

அவன் எப்போதும்போல உடனே திரும்பிப் பார்த்தான்.