கரி பூசிய கண்ணாடி

கருமாதி முடிந்த மறுநாள்தான் இசைவாணியால் வெள்ளிமலைப் பேருந்தில் ஏற முடிந்தது. கல்லூரி இயற்பியல் துறைக்குச் சேர வேண்டிய கண்ணாடித் துண்டை வாங்கிவரப் போவதாகக் கள்ளக்குறிச்சியில் தன் வீட்டாரிடம் சொல்லியிருந்தாள். லாரி மோதி இறந்த ராஜேஷ்குமார் அவளுக்கு யார் என்பது அந்த வீட்டுக்கும் தெரியாது. அவள் தேடிப் போகும் அவன் வீட்டுக்கும் தெரியாது.

கண்ணாடி மட்டும் பொய்யில்லை. செய்முறை வகுப்பில் இருவரும் ஒரே மேசை. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கண்ணாடியைக் காட்டிக் கரியேற்றி, இரண்டு பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுத்தான் அவன். கரியில் மயிரிழையாக இரண்டு கீறல்கள். லேசர் ஒளி அவற்றுள் நுழைந்து, எதிர்ச் சுவரில் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரிசையாக விழுந்தன.

"பாத்தியா இசை, வெளிச்சமும் வெளிச்சமும் சேந்தா அங்கங்க இருட்டாவுது."

"நாம சேந்தா?"

"எங்கம்மாகிட்ட சொல்ற வரைக்கும் இருட்டுதான். ஸ்கேல எடு, மார்க்கு போவும்."

அந்த வாரமே, அம்மாவுக்கு இந்த வித்தையைக் காட்டி, அப்படியே இசைவாணியைப் பற்றியும் சொல்லிவிடுவதாகக் கண்ணாடியோடு மலையேறினான். பை மட்டும் வீடு போய்ச் சேர்ந்தது. ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்திருந்ததால் கண்ணாடி உடையவில்லை என்று நண்பர்கள் சொன்னார்கள். அவன் கை கீறிய அந்த வரிசை இன்னொரு முறை ஒரு சுவரில் விழ வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

"எங்க ராஜேஷுகூட படிச்ச புள்ளையா? உள்ள வா கண்ணு" என்றாள் அவன் தாய் ஆயம்மாள்.

"டிபார்ட்மென்ட் கண்ணாடி ஒண்ணுங்கம்மா, கரி பூசினது..."

"கீது, கீது." ஆயம்மாள் துணி மடிப்பைப் பிரித்தாள். "கருமாதிக்கு வூட்டுச் சாமான் அத்தனையும் வெளிய போட்டு கழுவனோம். அவன் பையையும் அவுத்தேன். இன்னா புள்ள போ! அடுப்புல போட்டு எடுத்தாப்புல வச்சிருந்தான். சர்க்காரு சாமான அழுக்கா திருப்பிக் குடுத்தா அவனத்தான திட்டுவாங்க? சாம்பல் போட்டு நாலு வாட்டி தேச்சேன்."

கண்ணாடி பளபளத்தது. ஏன் செய்கிறோம் என்று அறியாமலே இசைவாணி பையிலிருந்த லேசரை எடுத்துக் கண்ணாடியின் வழியே பாய்ச்சினாள். மண்சுவரில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தாள். புள்ளி பிரியவே இல்லை.

"வெளிச்சம் நல்லா போவுதா கண்ணு?"

"போவுதுங்கம்மா."

"அப்ப அவன ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்கம்மா."

ஆயம்மாள் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். "அழுவாத. கூடப் படிச்ச உனக்கே இம்மாம் துக்கம்னா, பெத்தவ நான் இன்னா பண்ணுவேன் சொல்லு."

கூடப் படித்தவள்தான் என்பதைப் போல இசைவாணி தலையாட்டினாள்.