இருபது மைலும் நிறுத்தமில்லை

சீனப் பெருநாளுக்கு மூன்று நாள் விடுமுறை என்று சுற்றறிக்கை வந்த அன்றே, விஜயன் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். நாங்கள் இருவரும் ரெயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகள்.

"நாகையா, சைக்கிள்லயே போறோம். பிரிக்பீல்ட்ஸ்ல கெளம்பி கிள்ளான். எங்க வீட்ல ஒரு ராத்திரி. மறுநாள் காப்பார், ஜெராம், கோலாசிலாங்கூர். வழி பூரா தென்னந்தோப்பு, கடல் காத்து. குன்று மேல கலங்கரை விளக்கு. என்ன சொல்றே?"

"போலாமே," என்றேன்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

ஆனால் விஜயனுக்குச் சீதாலெட்சுமி என்று ஒரு தங்கை உண்டு. போன தைப்பூசத்தன்று பத்துமலை ரெயிலில் எனக்கு எதிர்ப் பலகையில் இருந்தாள். நான் மடியில் விரித்திருந்த நேர அட்டவணையைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "வண்டி பத்து நிமிஷம் லேட்டு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னவள் அவள். ஸ்டேஷன் மாஸ்டர் மகள். அவள் வீட்டார் என்னைப் பார்க்க விரும்புவதாக விஜயனும் ஜாடையாகச் சொல்லியிருந்தான். அந்த வாசலில் நான் சைக்கிளிலிருந்து இறங்குவதா, விழுவதா என்பதில்தான் என் கல்யாணமே இருந்தது.

"உன் சைக்கிள் நல்லா இருக்கா?" என்று பேச்சை மாற்றினேன்.

"கிள்ளான்ல சும்மாதான் கெடக்கு. ரெயில்ல போட்டுக் கொண்டாந்துடறேன். என்னமோ தெரியல, வாராவாரம் சக்கரத்துல புதுச் செம்மண்ணு. எலி ஓட்டுது போல."

மறுநாள் காலையே வாடகை சைக்கிள் கடைக் கன்னையாவைப் பிடித்தேன். அவர் பின்னாலிருந்து தள்ளிவிட, ரெயில்வே திடலில் ஐந்து நாள் காலையில் பழகினேன். ஐந்தாம் நாள் ஓட்டம் வந்துவிட்டது. கால் தரைக்கு எட்டாததால் இறங்க மட்டும் வரவில்லை. நிற்க வேண்டுமானால் புல் அடர்ந்த இடமாகப் பார்த்து விழுந்தேன்.

"ஏத்தி விட்டா ஜோரா போறீங்க, கிராணியாரே. எறங்கறதுதான் அரிசி மூட்டை போடற மாதிரி இருக்கு லா," என்றார் கன்னையா.

நான் மனம் தளரவில்லை. இறங்கத் தெரியாதவன் இறங்காமல் போனால் போயிற்று! அன்று மாலை பெரிய தாளில் கோடு போட்டு, ரெயில்வே முறைப்படியே அட்டவணை எழுதினேன். இடம், மைல், வருகை, புறப்பாடு, குறிப்பு என்று ஐந்து பத்தி. பிரிக்பீல்ட்ஸ் புறப்பாடு காலை 5.30. பெட்டாலிங், பத்து தீகா எல்லாவற்றுக்கும் நேராக, 'கடந்து செல்லும்.' கிள்ளான் வருகை 8.00.

விஜயன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தண்ணி குடிக்க எங்கப்பா நிக்கறது?"

"ஓட்டிக்கிட்டே குடிக்கலாம்."

"ஒண்ணுக்கு வந்தா?"

"கெளம்பறதுக்கு முன்னாடியே போயிடணும்."

"நீ மனுசனே இல்லடா. எஞ்சின்!" என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் காட்டப்போவதாகத் தாளை மடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. தள்ளிவிடக் கன்னையா இருக்கிறார். பிடித்து நிறுத்தக் கிள்ளானில் யார் இருக்கிறார்கள்? அவள் வாசலில் புல்லாவது உண்டா? உடனே உட்கார்ந்து, கடுங்காய்ச்சலால் வர இயலவில்லை என்று விஜயனுக்குக் கடிதம் எழுதினேன். கடைசி நேரத்தில் திண்டாடக்கூடாதென்று, பத்து நாள் கழித்து வரப்போகும் காய்ச்சலுக்கு அன்றே தேதியும் போட்டு உறையில் வைத்தேன்.

திங்கட்கிழமை விஜயன் தாளைத் திரும்பக் கொண்டுவந்து போட்டான். "அப்பா உன் கையெழுத்த பாத்து சொக்கிப் போயிட்டாரு. தங்கச்சி ஏதோ திருத்தம் பண்ணிருக்கா. நான் படிக்கல லா. கோடு போட்ட தாளப் பாத்தாலே எனக்கு ஆபீஸ் ஞாபகம்."

குறிப்புப் பத்தியில் பென்சிலால், பொடி எழுத்தில் எழுதியிருந்தது:

'இருபது மைல் நிற்காமல் மெயில் வண்டியும் ஓடாது. நிற்க முடியாதவர்தான் இப்படி எழுதுவார்.'

எனக்குக் காது சுட்டது. மேலே படித்தேன்.

'கிள்ளானுக்கு அரை மைல் முன்: மதகுச் சுவர், இடப்பக்கம், முழங்கால் உயரம். வேகத்தைக் குறைத்து இடது காலை ஊன்றவும். எங்கள் வாசல்: மூன்று படி. கீழ்ப்படி தாழ்வு, மேல்படி உயரம். நடுப்படி சரியாக வரும். பழகிப் பார்க்க பிரிக்பீல்ட்ஸ் பக்கச் சுவர்களை நான் அறியேன், தாங்களே தேடிக்கொள்க.'

மூன்று படியில் எது சரியாக வரும் என்று, அந்த வாசலில் சைக்கிளோடு வந்து முட்டாதவருக்கு எப்படித் தெரியும்? புதுச் செம்மண் நினைவுக்கு வந்தது. ஆபீஸ் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

"என்னடா?"

"உங்க வீட்டு எலி ரொம்ப கெட்டி," என்றேன்.

மாலையில் அடிக்கோலோடு கிளம்பி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சுவர் விடாமல் அளந்தேன். ஒரு வீட்டுக்காரர், "சுவத்த விக்கப் போறாங்களா?" என்று கேட்டார். கடைசியில் ரெயில்வே குவாட்டர்ஸ் கால்வாய் ஓரத்தில் பதினெட்டு அங்குலச் சுவர் ஒன்று அகப்பட்டது.

கன்னையா தள்ளிவிட்டார். சுவரை நோக்கிப் போனேன். மெதுவாக, மெதுவாக, இடது காலை நீட்டினேன்.

"நின்னுட்டீங்க!"

"நின்னுட்டேன்! கன்னையாண்ணே, நின்னுட்டேன்!"

சுவரை உதைத்தால் ஆள் துணையில்லாமல் புறப்படவும் முடிந்தது. பதினேழு முறை நின்றேன், பதினெட்டு முறை புறப்பட்டேன். கணக்கு இடித்த அந்த ஒரு முறை கால்வாய்க்குள் போனது. சேறு சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகக் காய்ச்சல் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு அட்டவணையைப் புதிதாக எழுதினேன். இப்போது வழி நெடுக நிறுத்தங்கள்.

விஜயன் மறுநாள் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தான். "இப்பத்தான் மனுசன் எழுதின மாதிரி இருக்கு. ஆனா கிள்ளானுக்கு வருகை மட்டும் போட்டிருக்க. புறப்பாடு காலியா கெடக்கே?"

"அத உங்க வீட்ல கேட்டுத்தான் போடணும். நீ இந்த ஞாயித்துக்கெழமை போறியில்ல? தாள எடுத்துட்டுப் போ," என்றேன். "பென்சிலையும் எடுத்துட்டுப் போ."